கருவாட்டில் வண்டு எப்படி வருகிறது? தடைக்காலத்தில் ஏன் அதிகம்?

ஒரு மாதம் கழித்து நெத்திலிக் கருவாட்டுப் பையைத் திறக்கிறீர்கள். அடியில் பழுப்புத் தூள், உடம்பெல்லாம் முடியோடு ஒரு புழு, நடுவே கறுப்பு வண்டு. "மீன் அழுகிடுச்சு, புழு வச்சிருக்கு" என்று தூக்கிப் போட்டுவிடுவோம். மீன் அழுகவே இல்லை. நன்றாகக் காய்ந்த மீனைத் தேடித்தான் அந்த வண்டு வருகிறது.

கருவாட்டுக்கு இரண்டு கட்டத்தில் இரண்டு எதிரிகள். ஈரம் இருக்கும்வரை, பச்சையாக மின்னுமே, அந்தப் பெரிய ஈக்கள். செவுளிலும் வயிறு கீறிய இடத்திலும் முட்டை வைக்கும். ஒரே நாளில் புழு. ஈரம் வற்றியதும் அவை போய்விடும். அப்புறம் வருவதுதான் டெர்மெஸ்டஸ் வண்டு. காய்ந்த தோலும் சதையும் அதன் சாப்பாடு. அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்ய இதே வண்டை வளர்க்கிறார்கள். சதையைத் தின்றுவிட்டு எலும்பை விட்டுவைக்கும். உங்கள் வாளைக் கருவாட்டிலும் அதே வேலைதான். சிவப்புக் காலும் நீலப்பச்சை உடம்புமாக நெக்ரோபியா என்ற குட்டி வண்டும் கூடவே வரும்.

61 நாள் கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டில் மீன் வரத்து குறையும், கருவாட்டுக்குக் கிராக்கி கூடும். அதனால் முன்கூட்டியே காயவைத்து மூட்டை கட்டிவைக்க வேண்டியிருக்கிறது. முட்டையிலிருந்து வண்டாக டெர்மெஸ்டஸுக்கு இந்தச் சூட்டில் 5 முதல் 7 வாரம் போதும். தடைக்காலமோ கிட்டத்தட்ட 9 வாரம். மூட்டைக்குள் நாலு வண்டு தெரியாமல் போய்விட்டால், படகு திரும்பக் கடலுக்குப் போவதற்குள் அவற்றின் பிள்ளைகளே முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். வளர்ந்த புழு மரப்பலகையைக் குடைந்து உள்ளே கூட்டுப்புழுவாகும். பழைய பலகை, பழைய சாக்கு வழியாக அடுத்த சரக்குக்கும் தாவும்.

உப்பு நன்றாக ஏறினால் டெர்மெஸ்டஸ் புழு சரியாக வளராது. ஆனால் நெத்திலி போன்ற பொடி மீன்களைப் பெரும்பாலும் உப்பில்லாமலே காயப்போடுகிறார்கள். கருவாடு எடைக்கு விற்கும் பொருள் என்பதும் சிக்கல். கூடுதலாக ஒரு நாள் காய்ந்தால் எடை குறையும். அரைகுறையாக எடுத்தால் ஈயும் பூஞ்சையும். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் கருவாடு விற்கும் அக்காவின் கூடையில்தான். காயவைக்க இடமும் சுருங்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் அரிப்பில் மணல் போய், பல இடங்களில் பாறைக் கொட்டலும் தூண்டில் வளைவும்தான் மிச்சம்.

புகை போட்டால் தப்புமா?

லட்சத்தீவு மாசி, சூரையை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்துச் செய்வது. புகை இருக்கும்வரை ஈ அண்டாது. சேமிப்பில் வண்டை அது தடுக்காது. ஆப்பிரிக்காவில் உப்பில்லாமல் புகைபோட்ட ஏரி மீன்களையும் இதே டெர்மெஸ்டஸ்தான் தின்று தீர்க்கிறது.

மருந்து அடிப்பது ஆபத்தான குறுக்கு வழி. வங்கதேசத்தில் கருவாட்டுக்கு டைகுளோர்வாஸ் தெளிப்பதாகப் புகார்கள் உண்டு. இந்தியா அந்த மருந்தை 2020 இறுதியோடு தடை செய்துவிட்டது. உள்ளே இறங்கிய மருந்தைத் தண்ணீரில் அலசி எடுக்க முடியாது. ஈ கூட உட்காராத கருவாட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

தரையை விட்டு உயர்த்திய வலைப் பரண், பாலித்தீன் கூடாரம், கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சூரிய உலர்த்திகள் எனத் தீர்வுகள் இருக்கின்றன. தனி ஆள் முதல் போட்டு வாங்குவது கஷ்டம். குழுவாக, மானியத்தோடு என்றால் சாத்தியம்.

வீட்டுக்கு வாங்குபவர்கள், வளைத்தால் துவளாத கருவாடாகப் பாருங்கள். பையைக் குலுக்கினால் தூள் கொட்டக்கூடாது. வந்ததும் கவரில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். பழைய டப்பா என்றால் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு.