குழலுக்கு ஏற்ற குண்டு எது?

நெய்யூர் என்றதும் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். 1838-ம் ஆண்டில் தொடங்கிய பழைய மிஷன் ஆஸ்பத்திரி அது. காயம் கட்டிய அந்த ஊருக்கு இரண்டு பக்கமும் குண்டுகளின் கதை இருக்கிறது!

கடல் பக்கம் சில மைல் போனால் குளச்சல். 1741-ம் ஆண்டில் அங்கே திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் டச்சுக்காரர்களுக்கும் போர் நடந்தது. திருவிதாங்கூர்ப் படையின் பீரங்கிக் குண்டு ஒன்று டச்சுக்காரர்களின் வெடிமருந்துப் பீப்பாய் மேல் விழுந்ததாம். தீப்பிடித்து, சேர்த்து வைத்திருந்த அரிசி முழுவதும் எரிந்து போனதாம். சோறு இல்லாமல் எத்தனை நாள் சண்டை போட முடியும்? டச்சுக்காரர்கள் சரண் அடைந்தார்கள்.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரைத் தம் படையிலேயே சேர்த்துக் கொண்டார். மலைப் பக்கம், புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையைக் கல்லால் பலப்படுத்தியவர் அவர்தான். அந்தக் கோட்டைக்குள் உலை மூட்டிப் பீரங்கிகளையும் குண்டுகளையும் வார்த்தார்கள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் குண்டு போடுவது ஒரு கலை. போருக்குப் போகிறவனுக்கும் சரி, வேட்டைக்குப் போகிறவனுக்கும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழலுக்கு ஏற்ற குண்டு எது?

வாய் வழியாக மருந்து

இன்றைய துப்பாக்கியில் தோட்டாவைப் பின்பக்கம் செருகுகிறார்கள். பழைய துப்பாக்கியில் எல்லாம் குழலின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கரிமருந்து. அதன் மேல் குண்டு. பிறகு நீண்ட கோலால் அடி வரை தள்ளி இறுக்க வேண்டும்.

குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் ஆபத்து. குழலே வெடித்து, சுடுகிறவன் கையையும் கண்ணையும் கொண்டு போய்விடும்.

ஏன் ஈயம்?

இரும்பு, கல், பித்தளை என்று எத்தனையோ இருக்க, வேட்டைக்காரர்கள் ஈயத்தையே தேடியது ஏன்?

ஈயம் 327 டிகிரி சூட்டில் உருகி விடும். சாதாரண விறகு அடுப்பே போதும். இடுக்கி போன்ற அச்சில் ஊற்றினால் நொடியில் உருண்டை தயார். கனமான உலோகம் ஆதலால் சிறிய உருண்டையும் வேகம் குறையாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈயம் மெதுவானது. குழலின் உட்புறத்தைக் கீறாது. கெட்டியான இரும்புத் துண்டைப் போட்டால் குழல் கீறிக் கெட்டுவிடும்.

துப்பாக்கியின் அளவுக்கும் ஈயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கி என்று சொல்கிறார்களே, அது என்ன பன்னிரண்டு? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். ஓர் உருண்டையின் எடை சுமார் 38 கிராம். நம்பர் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். நான்காம் நம்பர் என்றால் ஒரு குண்டே கால் பவுண்டு!

பறவைக்கு ரவை

கௌதாரிக்கும் காடைக்கும் பெரிய குண்டு எதற்கு? கறி மிஞ்சாது. அதற்குத்தான் கடுகு போன்ற ஈய ரவை. ஒரே வெடியில் பல ரவைகள் பரவிப் போகும். 1782-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்பவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டு உரிமை பெற்றார். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழ விட்டார். மழைத்துளி போல விழும்போதே ஈயம் உருண்டையாகி விட்டது!

பன்றிக்கும் மானுக்கும் ரவை போதாது. அடிபட்ட விலங்கு ஓடிப் போய்ப் புதருக்குள் கிடந்து பல நாள் வதைபடும். அதற்கு ஒற்றைக் குண்டு வேண்டும். அந்தக் குண்டை எந்த அளவில் போடுவது?

பம்பரம் சொன்ன பாடம்

மழமழப்பான குழலில் குண்டு கொஞ்சம் சிறியதாக இருக்கும். மருந்துக் கரி படிந்தாலும் உள்ளே இறங்க வேண்டுமே! ஆனால் அப்படித் தளர்வாக இருக்கும் குண்டு குழலின் பக்கங்களில் முட்டி மோதி வெளியே வரும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆள் மேல் படுவதே அதிர்ஷ்டம்தான்.

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறது அல்லவா? குண்டும் சுழன்று போனால் நேராகப் போகும். இதற்காகக் குழலுக்குள் முறுக்கு முறுக்காகப் பள்ளம் வெட்டினார்கள். அதுதான் ரைபிள். கொழுப்புத் தடவிய சிறு துணியில் உருண்டையைச் சுற்றி இறக்கினார்கள். துணி அந்தப் பள்ளத்தைப் பிடித்துக் கொண்டு குண்டைச் சுழற்றியது.

எல்லா முறுக்கும் எல்லாக் குண்டுக்கும் ஒத்து வராது. உருண்டைக்கு மெதுவான முறுக்கு போதும். ஐந்து, ஆறு அடிக்கு ஒரு சுற்று. நீண்ட கூம்புக் குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். இரண்டு, மூன்று அடிக்கே ஒரு சுற்று. உருண்டை பக்கத்தில் வேகமாகப் பாயும், தூரம் போனால் சீக்கிரம் தளரும். கூம்புக் குண்டு கனமானது. ஆழமாகத் துளைக்கும். குழலைப் பாராமல் குண்டை வாங்குகிறவன் குறி தவறித்தான் திரும்புவான்.

குண்டு கிளப்பிய புரட்சி

இறுக்கமான குண்டை இறக்க நேரம் பிடிக்கும். 1849-ல் மினியே என்ற பிரெஞ்சுக் காப்டன் இதற்கு வழி கண்டார். அடியில் குழிவுள்ள கூம்புக் குண்டு அது. தளர்வாக உள்ளே இறங்கும். சுடும்போது அடிப்பகுதி விரிந்து பள்ளத்தைப் பிடித்துக் கொள்ளும்.

இந்த வழியில் வந்ததுதான் 1853-ம் ஆண்டு என்பீல்டு ரைபிள். அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் சிப்பாய்களிடையே பேச்சு பரவியது. ஏற்கெனவே புகைந்து கொண்டிருந்த கோபம் 1857-ல் பெரும் புரட்சியாக வெடித்தது!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) மினியே குண்டு எலும்பை நொறுக்கியது. ஆயிரக்கணக்கானோரின் கைகால்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. குண்டு செய்யும் கொடுமையைக் கண்ணால் கண்டவர் ஒருவர் நெய்யூரிலும் இருந்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் சென்ற டாக்டர் சாமர்வெல்தான் அவர். 1916-ல் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், பின்னர் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நம் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்.

யானைக்கு எமன்

இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய வெள்ளைக்காரர் சாமுவேல் பேக்கர். 1840-ல் அவர் செய்வித்த ரைபிளின் எடை 21 பவுண்டு. அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். மெதுவான ஈயம் யானையின் மண்டையோட்டில் பட்டால் சப்பையாகி விடும். ஆகவே வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டைக் கெட்டிப்படுத்தினார்கள்.

அதே இலங்கையில் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று பெயர் வாங்கியவர் மேஜர் ரோஜர்ஸ். எத்தனை யானைகள் துரத்தியும் தப்பியவர், 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்!

தின்றவனுக்கும் விஷம்

குண்டு விலங்கோடு நிற்பதில்லை. ஈயக் குண்டு உடலுக்குள் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். கறியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எஞ்சிய இறைச்சியைத் தின்னும் கழுகுகளும் மடிகின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுக்கு முழுத் தடை போட்டது. அங்கே இப்போது செம்புக் குண்டுகள் வந்துவிட்டன.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கே தடை போட்டுவிட்டது. நாட்டுத் துப்பாக்கியை நம்பிப் பிழைத்த நரிக்குறவர் குடும்பங்கள் பல, ஊசியும் பாசிமணியும் விற்று வாழ வேண்டியதாயிற்று. காடு பிழைக்க அவர்கள் கொடுத்த விலை அது. அதை மறக்கக் கூடாது.

உதயகிரிக் கோட்டையில் உலை அணைந்து வெகு காலம் ஆகிறது. 1777-ல் இறந்த டிலனாய் அங்கேயே உறங்குகிறார். கோட்டைக்குள் வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா அமைத்தது. குண்டு வார்த்த இடத்தில் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போகும் பெற்றோர், குண்டின் கதையையும் சொல்லலாம். குழலுக்கு ஏற்ற குண்டைத் தேடி மனிதன் பல நூறு ஆண்டு அலைந்தான். சுடாமல் விட்ட குண்டே நல்ல குண்டு என்று மெல்லத்தான் கற்றுக் கொண்டான்!