வெடிமருந்தும் கலையும்

தீபாவளி சமயத்தில் தவளக்குப்பத்துச் சாலையோரம் நிற்பவருக்கு வெடிமருந்து ஒரு நாள் குதூகலம். வாங்கினோம், கொளுத்தினோம், மறந்தோம் என்று போய்விடுவார். அதையே வாழ்நாள் முழுவதும் வர்ணமாகக் கையாளும் சீனக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ட்ஸாய் குவோ-சியாங். 1957-ல் சுவான்சௌ துறைமுக நகரில் பிறந்தவர். அந்த ஊர் தமிழருக்கு அந்நியமன்று. 1281-ல் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டொன்று இன்றும் கூறி நிற்கிறது.

அவர் துணியின் மீது மருந்தைத் தூவி, அட்டையால் மூடி, கல்லைப் பாரம் வைத்துத் திரியைப் பற்ற வைக்கிறார். கணநேரத்தில் வெடித்து ஓய்ந்தபின் எஞ்சும் கரித் தழும்பே சித்திரம். 1993-ல் சீனப் பெருஞ்சுவரின் மேற்கு முனையிலிருந்து 10,000 மீட்டர் தூரம் பாலைவனத்தில் திரியிட்டுக் கொளுத்தி, சுவரை நெருப்பால் நீட்டினார். 2015-ல் நூறு வயதுப் பாட்டி காண, 500 மீட்டர் அக்கினி ஏணியொன்றை வானில் எழுப்பினார். யுத்தத்துக்குரிய பொருளை அன்புக்குரியதாக்கியது மகத்தான காரியமே.

எனினும், 2025 செப்டம்பரில் உடுப்புக் கம்பெனி ஒன்றின் ஆதரவில், திபெத்தின் இமய முகடுகளில் அவர் வர்ண வெடிகளைக் கொளுத்தினார். பலத்த கண்டனம் எழவே, இருவரும் மன்னிப்புக் கோரினர். தம் மலையின் கதியைத் தாமே நிர்ணயிக்கும் சுதந்திரம் திபெத்தியருக்கு ஏது? பிறர் மண்ணைக் கேளாமல் எடுத்தாள்வது கலையன்று, ஆதிக்கம்.

அவரைக் குறைகூறும் நம் யோக்கியதை என்ன? பாரத தேசத்துப் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் நம்மவர் கைகளால் உருவாவது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னரும் விபத்துகள் ஓயவில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட் பட்டாசில் பேரியத்தை விலக்கியது. வேடிக்கை பார்ப்பவரின் மூச்சுக்கு நீதி கிடைத்தது நன்று. மருந்து அடைப்பவரின் உயிருக்கு?

ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் வரையறுத்தேயிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. தப்பாத பரிசோதனையும், தாமதமின்றி நஷ்ட ஈடும், விதி மீறுவோருக்குத் தண்டனையும் வேண்டுமெனக் கோருவது தேசபக்தர் கடமை. வானத்தில் மலரும் ஒவ்வொரு பூவுக்கும் பூமியில் ஒரு கை இருக்கிறது. அக்கையைக் காவாத ஜனசமூகம் அந்தப் பூவை ரசிக்க அருகதையற்றது.