இருளர்களின் மூலிகை அறிவு: பலன் யாருக்குப் போகிறது?

உத்திரமேரூர்னு சொன்னதும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கோயில் சுவரில் விதிகளை எழுதிவைத்த ஊர் அது. ஆனால், இதே வட்டாரத்தில் வாழும் இருளர்களின் மூலிகை அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. பாட்டி சொல்ல, பேத்தி கேட்டு வளர்ந்தது. சட்டத்தின் பார்வையில் இந்த வித்தியாசம் ரொம்பவே முக்கியம்.

அவர்களுக்கு என்ன தெரியும்?

இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஏரிக்கரை, புதர்க்காட்டுச் செடிகளும் அவர்களுக்கு அத்துப்படி. இருமலுக்கு ஆடாதோடை, சர்க்கரைக்கு சிறுகுறிஞ்சான் என எந்தச் செடி, எந்தப் பருவத்தில், எங்கே கிடைக்கும் என்பதுவரை தெரியும். செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பெண்களின் சங்கமே மூலிகைகளை வளர்த்து, மருந்தாக்கி விற்கிறது.

இந்த அறிவுக்குப் பணம் கிடைத்திருக்கிறதா?

காணி பழங்குடிகளுக்குக் கிடைத்திருக்கிறது. 1987-ல் கேரளத்தின் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஒரு காயைத் தின்றுவிட்டு களைப்பே இல்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத்தை கோவை நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதில் பாதி காணிகளுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப் பலனைப் பகிர வேண்டும் என்கிறது 2002 பல்லுயிர் சட்டம். 2023 திருத்தமோ, நூல்களில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு தருகிறது. சிக்கல் இங்கேதான். சிறுகுறிஞ்சான் சித்த நூல்களிலும் இருக்கிறது, இருளர் வாயிலும் இருக்கிறது. ‘நூலைப் பார்த்துத்தான் செய்தோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், இருளருக்குப் பங்கு கேட்க வழி குறுகிவிடும்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுத வேண்டும் என்பது சட்டம். அதில் செடியின் பெயர் மட்டும் ஏறினால் போதாது. அதைச் சொன்ன சமூகத்தின் பெயரும் சம்மதமும் ஏற வேண்டும். சம்மதம் இல்லாத பதிவு, ரகசியத்தை இலவசமாகக் கொடுப்பது மாதிரிதான்.

உங்க ஊராட்சியின் பதிவேட்டில் இருளர் பெயர் இருக்கா? ஒருமுறை கேட்டுப் பாருங்க.