கரும்புக் காட்டு வெயிலும் கிட்னியும்

"குடியே தெரியாத மனுஷனுக்கு எப்படிக் கிட்னி போகும்?" கள்ளக்குறிச்சிப் பக்கம் இப்படிக் கேட்பது இயல்புதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் குடித்தவர்களில் பலருக்கு டயாலிசிஸ் செய்ததை மாவட்டமே பார்த்தது. அது ரத்தத்தில் ஏறிய விஷத்தை இறக்க. கரும்பு வெட்டுகிறவரின் கிட்னி கெடும் வழி வேறு.

சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் மருத்துவர்கள் தமிழகத்தில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சந்தேகம் வெயில் மேல் விழுந்தது. நிகரகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களிலும் இதே கதைதான்.

வியர்த்து வியர்த்து உடலில் நீர் வற்றும்போது கிட்னிக்குள் ஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி விழித்துக்கொள்கிறது. செல்லின் எரிசக்தி கரைந்து யூரிக் அமிலம் சேர்கிறது. அடிபட்ட செல் அபாயச் சங்கு ஊதுகிறது: என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் அழற்சி மரபணுக்களைத் திறந்துவிட, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற ரசாயனத் தூதுகள் கிளம்பி, வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. ஒரு நாள் என்றால் ஆறிவிடும். அறுவடைக் காலம் முழுக்க நடந்தால் டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் வந்து தழும்பு போடுகிறது. தழும்பு விழுந்த இடம் ரத்தத்தை வடிகட்டாது. எலிகளில் செய்த சோதனையில், நீர் வற்றிய உடலுக்குச் சர்க்கரைக் குளிர்பானம் கொடுத்தபோது சேதம் கூடியது. மோர் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் இடுப்பு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக்கும் அழற்சியைத் தணிக்கும் மருந்துதான். ஆனால் நீர் வற்றிய கிட்னிக்கு ரத்தம் பாய வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ரசாயனங்கள். மாத்திரை முதலில் அவற்றைத்தான் நிறுத்துகிறது.

கல்வராயன் மலையிலிருந்து சமவெளிக்கு வேலைக்கு இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புது வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே முழு வேலை வாங்கும் மேஸ்திரியிடம் தண்ணீரும் நிழலும் கேட்பது சலுகை கேட்பதாகாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். மெல்ல அரித்துப்போகும் கிட்னிக்கு இந்தக் கணக்கில் என்ன இடம் என்று கேட்கத்தான் வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் அடங்கும்.

அந்த நிலைக்குப் போகுமுன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காசில்லாமல் பார்க்கலாம். சிறுநீரில் நுரை நின்றாலோ, கால் வீங்கினாலோ ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். கடும் வேலை நாளில் அந்த எண் சற்றுக் கூடிக் காட்டக்கூடும். மூன்று மாதம் கழித்தும் இறங்காவிட்டால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். அதனால் முதல் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.