கான்ட்ராக்டருக்குக் கோடிகள், விதவைக்கு ஒரு சென்ட்டும் இல்லை

ஒரு பக்கம், ‘கான்ட்ராக்டர்களுக்குக் கோடிகள்’. மறுபக்கம், ‘விதவைகளுக்கு ஒரு சென்ட்டும் இல்லை’. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து டோக்கன் ஒன்றில் உள்ள வாசகம் இது. சுமார் 19 மில்லிமீட்டர் வட்டத்துக்குள், போரில் யார் சம்பாதித்தார்கள், யார் இழந்தார்கள் என்ற கணக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

1861-ல் போர் மூண்டதும் மக்கள் தங்கம், வெள்ளிக் காசுகளைப் பதுக்கினார்கள். 1862-ல் ஒரு சென்ட் காசும் கண்ணில் படாமல் போயிற்று. சில்லறைக்குத் திண்டாடிய வடமாநில வணிகர்கள் தனியார் பட்டறைகளில் அடித்த டோக்கன்களைப் புழக்கத்தில் விட்டார்கள். கடைப் பெயர் தாங்கியவை ‘ஸ்டோர் கார்டு’. கொடியும் முழக்கமும் தாங்கியவை ‘பேட்ரியாட்டிக்’. இரண்டரைக் கோடிக்கு மேல் புழங்கியதாக மதிப்பிடுகிறார்கள். 1864-ல் சட்டம் போட்டு இவற்றை நிறுத்தினார்கள்.

பெரும்பாலான பேட்ரியாட்டிக் டோக்கன்கள் கொடியையும் ஒன்றியத்தையும் போற்றுபவை. நம் டோக்கன் அந்தக் கூட்டத்தில் சேராதது. பிரான்ஸ் லஞ்சம் கேட்ட செய்தி 1798-ல் வெளியானபோது, ‘பாதுகாப்புக்குக் கோடிகள், கப்பத்துக்கு ஒரு சென்ட்டும் இல்லை’ என்று அமெரிக்கர்கள் முழங்கினார்கள். வீரம் பேசிய அதே முழக்கத்தை இந்த டோக்கன் ஆட்சியாளர்கள் பக்கமே திருப்பியது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கந்தலை அரைத்து நெய்த துணியில் சீருடை தைத்துக் கொடுத்த கான்ட்ராக்டர்கள் கொழுத்தார்கள். அரசை ஏமாற்றுவோரைத் தண்டிக்க 1863-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. போரில் மாண்ட சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு 1862-ன் ஓய்வூதியச் சட்டம் வகுத்ததோ மாதம் 8 டாலர்.

இந்த டோக்கன்களைச் சேகரிக்க விரும்புவோருக்கு வழிகாட்டி, மெல்வின் ஃபுல்ட், ஜார்ஜ் ஃபுல்ட் என்ற தந்தையும் மகனும் தொகுத்த பட்டியல். அச்சு ஒவ்வொன்றுக்கும் அதில் எண் உண்டு. அரிய தன்மையை ஆர்-1 முதல் ஆர்-10 வரை குறிக்கிறார்கள். ஆர்-10 என்றால் உலகில் ஒன்றே ஒன்று. வெள்ளியில் அடித்த பளபளப்பான பிரதிகள் பெரும்பாலும் அக்காலச் சேகரிப்பாளர்களுக்காகவே தயாரானவை. என் தேர்வு தேய்ந்த செம்புதான். எழுத்து மங்கும் அளவுக்கு அது கை மாறியிருக்கிறது. ரொட்டி வாங்கியவரும் விற்றவரும் அந்த வாசகத்தைத் தொட்டிருக்கிறார்கள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும்.

தளபதிகளின் பதக்கங்களைக் காக்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. போரைக் கேள்வி கேட்ட ஒரு சென்ட் செம்பைத் தேடிக் காப்பது சேகரிப்பாளர்களின் கடமை.