மிச்சமும் எச்சிலும்: பள்ளி உணவில் பணியாளர் பொறுப்பு

காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர் 'பசியாறுதல்' என்பர். உண்பதன் பயனையே பெயராகக் கொண்ட சொல் அது. காஜாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளை மனத்திற்கொண்டு பேசும் இவ்வுரையை அச்சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். உணவு வழங்கப்பட்டதா என்பதும் பிள்ளை பசியாறியதா என்பதும் வெவ்வேறு வினாக்கள். முன்னதற்கு அரசு விடை கூறும். பின்னதற்குப் பள்ளிப் பணியாளரே விடை கூற இயலும்.

அரசுகளின் பங்கு சிறிதன்று. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநில அளவில் விரிவாக்கினார். 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் பிறந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் அங்கு வழங்கப்படுகிறது. நம் நாட்டிலோ, வறிய குடும்பத்துத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கெனக் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடைபெற்று வருகிறது.

எனினும் திட்டத்தின் பயன் குப்பைத்தொட்டியருகேதான் தெரியவரும். இங்குத் தமிழ் நமக்கொரு தெளிவைத் தருகிறது. பரிமாறப்படாமல் பாத்திரத்தில் எஞ்சுவது மிச்சம். உண்ட தட்டில் எஞ்சுவது எச்சில். இவ்விரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் காரணம் மறைந்துவிடும். ஒரு வாரம் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் காரணம் புலப்படும்.

மிச்சம் மிகுந்தால் பிழை கணக்கில் உள்ளது. அன்றைய வருகை எண்ணிக்கையை வகுப்பாசிரியர் சமையலுக்கு முன்பே தெரிவித்தால் அது குறையும். எச்சில் மிகுந்தால் அளவு, சுவை, நேரம் ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். முதலில் சிறிதளவு பரிமாறி, கேட்போர்க்கு மீண்டும் வழங்கலாம். எந்தக் காய் ஒதுக்கப்படுகிறது என்பதைச் சமையலரிடம் கூறி, சமைக்கும் முறையை மாற்றலாம். ஓய்வுநேரத்தின் பெரும்பகுதி வரிசையில் கழியுமாயின், சிறு வகுப்பினரைச் சற்று முன்னதாக அனுப்பலாம். எச்சில் பிள்ளையின் குற்றப்பத்திரிகையன்று. பணியாளர்க்குக் கிடைக்கும் செய்தி. ஆதலின் உண்ணாத பிள்ளையைக் கடிவதால் பயனில்லை.

சப்பானில் 1954ஆம் ஆண்டிலேயே பள்ளி மதிய உணவுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அங்குத் தொடக்கப்பள்ளி மாணவர்களே முறைவைத்துப் பரிமாறுகின்றனர். ஆசிரியரும் வகுப்பறையில் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்கிறார். நம் சுகாதார அமைச்சு, தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப் பங்கு காய்கனி என வலியுறுத்துகிறது. சுவரொட்டியில் காணும் அவ்விதியை ஆசிரியரின் தட்டில் காணும் பிள்ளை விரைவில் பின்பற்றும். சாத்தேவுக்குப் பெயர்பெற்ற காஜாங்கில், உடன் வரும் வெள்ளரித் துண்டுகளையும் உண்ணப் பழக்குவது அத்தகைய எளிய தொடக்கமே.

தவிர்க்க இயலாத காய்த்தோலும் பழத்தோலும் தோட்டத்திற்கு உரமாகலாம். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து, அவ்வப்போது கிளறிவிட்டால் நாற்றம் எழாது. எண்ணெய்ப் பண்டமும் இறைச்சியும் அதில் சேரலாகா. குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும் உணவு, புவியை வெப்பமாக்கும் மீத்தேன் வளியை வெளியிடுகிறது. தோட்டக்காரரும் அறிவியல் ஆசிரியரும் இணைந்தால் அதே கழிவு பாடமாகிவிடும்.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. இலவச உணவு பெறும் பிள்ளைகளின் பெயரை உரக்கப் படித்து, தனி வரிசையில் நிறுத்தினால், சிலர் வெட்கத்தால் பட்டினி கிடப்பர். அவர்கள் உண்ணாத உணவு மிச்சக் கணக்கில் ஏறும். அவர்களின் பசி எக்கணக்கிலும் ஏறாது. எல்லாரும் ஒரே மேசையில், ஒரே வகைத் தட்டில் உண்ணுமாறு செய்வதற்குப் புதிய நிதி ஏதும் வேண்டியதில்லை. பணியாளரின் கருத்து ஒன்றே போதும். பிள்ளை தலைநிமிர்ந்து உண்ணும் இடத்தில்தான் பசியாறுதல் என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.