ஆங்கில மீள்பார்வை: மனப்பாடம் செய்த கட்டுரை கைகொடுக்குமா?

எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் மூன்று மாதங்கள்தாம் இருக்கின்றன என்றதும், நம் வீடுகளில் ஆங்கிலப் பாடத்திற்கென முதலில் வாங்கப்படுவது என்ன? கடந்த ஆண்டு வினாத்தாள்களின் தொகுப்பு. அடுத்து, மாதிரிக் கட்டுரைகள் அடங்கிய பயிற்சி நூல். பிள்ளை அறைக்குள் உட்கார்ந்து இரண்டையும் புரட்டுகிறான். "படிக்கிறான்" என்று பெற்றோரும் நிம்மதி அடைகின்றனர். வரலாற்றுப் பாடத்திற்கு இது ஓரளவு கைகொடுக்கலாம். ஆங்கிலத்திற்குப் போதாது.

பெற்றோர்கள் அன்று எழுதிய ஆங்கிலத் தேர்வு இப்போது இல்லை. 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தொடங்கி, 1119 என்ற குறியீடு கொண்ட ஆங்கிலப் பாடம் நான்கு தாள்களாகச் சோதிக்கப்படுகிறது: வாசிப்பும் மொழிப் பயன்பாடும், எழுத்து, பேச்சு, கேட்டல். தாளுக்குக் கால் பங்கு. அதாவது, மொத்தத்தில் பாதி வாயையும் காதையும் நம்பியிருக்கிறது. அந்தப் பாதிக்கு எந்த மாதிரிக் கட்டுரை உதவும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.டி.3 தேர்வு 2022இலும் ரத்து செய்யப்பட்டன. அதனால், 2025இல் படிவம் 5 பயின்றவர்களில் பெரும்பாலோருக்கு எஸ்.பி.எம்.தான் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. அறிமுகமில்லாத ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து, புள்ளிக்காக ஆங்கிலம் பேசிய அனுபவம் அவர்களுக்கு ஏது?

எழுத்துத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை, பிறகு மூன்று தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள். அந்த இருபதும் கருத்து, வாசகருக்குச் சொல்ல வந்ததைச் சரியான தொனியில் சொல்லும் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என்று ஐந்தைந்தாகப் பிரிகின்றன. இலக்கணமும் சொல்வளமும் கால் பங்குதான். கேட்ட மூன்று குறிப்புகளில் ஒன்றைத் தொடாமல், மனப்பாடம் செய்த வர்ணனையை எவ்வளவு அழகாக இறக்கி வைத்தாலும் கருத்துக்கான புள்ளி போய்விடும். நண்பனுக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலைத் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம்போல் எழுதினால், தொனிக்கான புள்ளியும் போகும்.

அப்படியானால் எதை மீள்பார்வை செய்வது? தன் பிழையைத்தான். ஏற்கெனவே திருத்தப்பட்ட மூன்று கட்டுரைகளை எடுத்து, சிவப்பு மையில் வட்டமிட்டவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நூறு விதமான பிழைகள் இருக்காது. அதே நாலைந்து பிழைகள்தாம் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

அவற்றில் அடிக்கடி தலைகாட்டுவது, 'ஷி கோஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஷி கோ' என்று எழுதுவது. மலாய் மொழியில் 'பெர்கி' என்ற சொல் யார் போனாலும், எப்போது போனாலும் மாறுவதில்லை. பள்ளியிலும் கடையிலும் நாள் முழுக்க மலாயில் புழங்கும் பிள்ளைக்கு ஆங்கில வினையும் அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால், தமிழ்ப் பிள்ளையிடம் இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது! 'அவள் போகிறாள், அவர்கள் போகிறார்கள்' என்று எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றத் தெரிந்த பிள்ளை அது. 'நேற்றுப் போகிறேன்' என்று அது ஒருநாளும் சொல்லாது. இந்த உணர்வை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல் என்று சொல்லிக் கொடுப்பவர்கள்தாம் குறைவு. தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் ஆங்கிலம் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் பெற்றோர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்பதில்லை. 'அதைப் பற்றிக் கலந்து பேசினோம்' என்று நினைத்துக்கொண்டு 'டிஸ்கஸ் எபௌட்' என்று எழுதுவார்கள். 'டிஸ்கஸ்' என்பதே போதும். இதுபோன்றவை அந்த நோட்டில் தனிப் பக்கம் பெற வேண்டியவை.

பேச்சுத் தாள்தான் பலரை வாயடைக்கச் செய்வது. வழக்கமாக இரண்டு மாணவர்கள் சேர்ந்து அமர்கிறார்கள். முதலில் தேர்வாளர் சில கேள்விகள் கேட்பார். பிறகு ஒரு தலைப்பு. தயார் செய்ய 20 வினாடிகள், பேச ஒரு நிமிடம். கடைசியில் இருவரும் தங்களுக்குள் உரையாட வேண்டும். எல்லாம் 13 நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பது பேசிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நான்கு வாக்கியம் சொன்னதும், தலைப்பே தீர்ந்து போனதுபோல் பிள்ளை நிறுத்திவிடும்.

இதற்குப் பிரத்தியேக வகுப்பு தேவையில்லை. இரவு உணவுக்குப் பின் தலைப்பு ஒன்றைக் கொடுத்து, கைப்பேசியில் ஒரு நிமிடத்தை ஓட விடுங்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம். நேரம் பார்ப்பதுதானே அவர் வேலை! நடுவில் திருத்தக் கூடாது. அண்ணன் சிரிக்கவும் கூடாது. அந்த ஒரு சிரிப்பு, பிள்ளையின் வாயை ஒரு மாதத்திற்கு மூடிவிடும். முடிந்ததும் "ஏன், எங்கே, அப்புறம் என்ன?" என்று தமிழிலேயே கேட்டால் போதும். மறுநாள் அந்தப் பதில்களையும் சேர்த்து அதே தலைப்பில் பேச வைக்க வேண்டும்.

கேட்டல் தாளில் 30 கேள்விகள், 40 நிமிடங்கள்; ஒலிப்பதிவு இரண்டு முறை ஒலிக்கும். வீட்டில் ஆங்கிலப் படம் பார்ப்பதே பயிற்சி என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். கீழே ஓடும் மலாய் எழுத்தைக் கண் படிக்கும்போது காது தூங்கிவிடுகிறது. எழுத்தை மறைத்துவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கட்டும், அல்லது ஆர்.டி.எம்.மின் டிராக்ஸ் எஃப்.எம். செய்தியைக் கேட்டு மூன்று தகவல்களைச் சொல்லட்டும்.

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. இதனாலேயே ஆங்கிலத்தைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது மூயெட் எனும் ஆங்கிலத் தேர்வு குறுக்கே வந்து நிற்கும். அதிலும் இதே நான்கு திறன்கள்தாம்.

வீட்டு நாட்காட்டியில் வட்டமிடப்பட்டிருப்பது பெரும்பாலும் எழுத்துத் தேர்வு தொடங்கும் நாள். பேச்சுத் தேர்வு அதற்கு முன்பே வந்துவிடும். பள்ளியில் அந்தத் தேதியைக் கேட்டு, அதையும் வட்டமிட்டு வையுங்கள்.